பங்காளிகள் கட்டிய வீடு

பங்காளி என்னும் சொல் நம் மொழியில் இருமுகம் உடையது. பங்கிற்கு உரியவன் என்பதே அதன் நேர்பொருள். ஆயினும் ஊர்வழக்கில் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வரப்புத் தகராறும், வாய்க்கால் முறையும், முன்சீப் கோர்ட்டுப் படிகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. உறவும் பகையும் ஒருங்கே குடியிருக்கும் இத்தகைய சொல் ஆங்கிலத்தில் இருப்பதாக நாம் அறியோம். சொல் இல்லாவிடினும் பொருள் அவர்களிடத்தும் உண்டு என்பதை, இங்கிலாந்தின் வடபாகத்தில் யார்க்ஷயரைச் சார்ந்த ஹடர்ஸ்பீல்டு என்னும் கம்பளி நெசவு நகரில் 2016 முதல் 2018 வரை தங்கிப் பயின்ற காலத்தில் நேரிற் கண்டோம். அங்கே காற்பந்துக் கழகம் ஒன்றும் ரக்பிக் கழகம் ஒன்றும் ஒரே அரங்கைப் பொதுவிற் கொண்டு, ஒரே புற்றரையில் மாறி மாறி ஆடிவந்தன. அவ்வரங்கு எழுந்த வரலாறும், அதனுள் அவ்விருவரும் நடத்திய குடித்தனமுமே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது.

"ஒரு திடலில் இரண்டு ஆட்டம் ஆடுவதில் வியப்பென்ன? நம் கல்லூரித் திடலிற் காலையில் ஹாக்கியும் மாலையிற் காற்பந்தும் நடைபெறவில்லையா?" என்று நேயர்கள் வினவலாம். வினா நேரியதே. ஆனால் இங்கிலாந்தில் ஆட்டக் கழகம் என்பது தன் திடலோடு பிறந்து, திடலோடு மூப்படைவது. தந்தை நின்ற படியிலே மகன் வந்து நிற்பான். அவன் மகனும் அப்படியை விட்டு அகலான். தம் முதியோர் இறந்தபின் அவர்தம் சாம்பலை அத்திடலின் ஓரத்திலேயே தூவ வேண்டுமென்று கழகத்தாரைக் கேட்டுக் கொள்ளும் குடும்பத்தாரும் உளர். ஆகவே ஒரு கழகத்தாரை நோக்கி, "உங்கள் திடலை விற்றுவிட்டு வேறொருவரோடு ஒண்டிக்கொள்ளுங்கள்" என்பது, ஒரு சபையாரை நோக்கி, "உங்கள் கோயிலைப் பூட்டிவிட்டு அடுத்த சபையாரின் கோயிலில் ஆராதனை நடத்துங்கள்" என்பதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பல சபையார் ஒரே கோயிற் கட்டடத்தைப் பொதுவிற் கையாள வழிவகுக்கும் சட்டமொன்றைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1969-ஆம் ஆண்டிலேயே இயற்றிவிட்டது. ஹடர்ஸ்பீல்டின் இரு கழகங்களும் கூட்டாக ஒரு வீடு கட்டிக் குடிபுக மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. மதத்தினும் ஆட்டத்தில் மனம் இளகுவது அரிது போலும்!

இவ்விரு ஆட்டங்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பெரும் பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி விதி வகுத்துக்கொண்டு பந்தாடி வந்தன. சில பள்ளிகளிற் பந்தைக் கையால் எடுத்து ஓடலாம், சிலவற்றில் ஆகாது. ரக்பி என்னும் ஊர்ப் பள்ளியில் 1823-ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் பந்தைக் கையிலெடுத்துக் கொண்டு ஓடியதே அவ்வாட்டத்தின் தோற்றம் என ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லையென ஆராய்ந்தோர் கூறுவர். அவ்வெல்லிஸ் பிற்காலத்திற் குருப்பட்டம் பெற்று ஆங்கிலிக்கன் சபையில் ஊழியம் செய்தார் என்பது மட்டும் மெய். விதிகளை ஒருமுகப்படுத்தும் பொருட்டு 1863-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி லண்டனில் ப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்னும் விடுதியில் கழகத்தார் பலர் கூடிக் காற்பந்துச் சங்கத்தை நிறுவினர். பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும், எதிரியின் முழந்தாளுக்குக் கீழே உதைத்தலும் ஆகுமா ஆகாதா என்பதிற் பின்னர்ப் பிணக்கு மூண்டது. உதைத்தலை விலக்கினால் ஆட்டத்தின் ஆண்மையே போய்விடும் என்று பிளாக்ஹீத் கழகத்தார் வெளியேறினர். 1871-இல் ரக்பியார் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். இது முதற் பாகப்பிரிவினை.

இரண்டாம் பிரிவினை உதையைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. எம் மனத்தை மிகவும் கவர்ந்ததும் இதுவே. தென்னாட்டில் ரக்பி ஆடினவர் செல்வர் வீட்டு மக்கள். வடநாட்டிலோ சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்போர் ஆடினர். சனிக்கிழமை ஆட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின் அரைநாட் கூலியை இழக்க வேண்டும். இழந்த அக்கூலியைக் கழகம் ஈடு செய்யலாமா என்பதே வினா. அவ்வாறு செய்யின் ஆட்டம் மாசுபடும் என்றனர் தென்னாட்டார். 1893-ஆம் ஆண்டிற் கூடிய பொதுக்கூட்டத்தில் ஈடு கொடுக்கும் தீர்மானம் 136 வாக்குகள் பெற்று, எதிரான 282 வாக்குகளால் வீழ்த்தப்பட்டது. ஈராண்டு பொறுத்தனர் வடநாட்டார். 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி இருபதுக்கு மேற்பட்ட வடநாட்டுக் கழகங்களின் பிரதிநிதிகள் ஒரு விடுதியிற் கூடி, பழைய சங்கத்தினின்றும் விலகித் தனிச் சங்கம் அமைத்தனர். ரக்பி லீக் என இன்று வழங்கும் ஆட்டம் அன்று பிறந்தது. நாளடைவில் விதிகளும் மாறின. 1906 முதல் ஒரு பக்கத்திற்குப் பதின்மூவரே ஆடலாயினர். பிரிந்துபோனவரோடு சேர்ந்து ஆடியவரையும் பழைய சங்கத்தார் தீட்டுப்பட்டவர்போல் ஒதுக்கி வைத்தனர். தாமும் ஊதியத்தை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு 1995 வரை, அதாவது சரியாக நூறாண்டு, வேண்டியிருந்தது. அந்த விடுதி எவ்வூரில் இருந்தது என்று நேயர்கள் ஊகித்திருக்கலாம். ஹடர்ஸ்பீல்டு ரயில் நிலையத்தின் பெருந்தூண்களுக்குப் பக்கத்தில் நின்ற ஜார்ஜ் ஹோட்டலே அது. நாம் அங்கிருந்த நாட்களில் அது கதவடைத்துக் கிடந்தது. மழைக்கு அதன் வாயிலில் ஒதுங்கியபோதெல்லாம், இவ்வூர் பிரிவினைக்குப் பேர்போன ஊர் என்று எண்ணிக் கொள்வோம்.

ஊர் முழுவதும் ரக்பியில் ஈடுபட்டுக் கிடந்தமையாற் காற்பந்துக் கழகம் 1908-ஆம் ஆண்டில்தான் அங்கே பிறந்தது. ரக்பியார் பார்ட்டவுன் என்னும் பகுதியில் ஏற்கெனவே வேரூன்றி இருந்தனர். 1914–15 பருவத்தில், ஹரால்டு வாக்ஸ்டாப் என்பாரின் தலைமையில், அக்காலத்து நான்கு கோப்பைகளையும் ஒருசேர வென்றனர். அக்குழுவைச் சேர்ந்த ஆஸ்திரேலியரான ஆல்பர்ட் ரோசன்பெல்டு என்பவர் அதற்கு முந்திய பருவத்தில் எண்பது முறை பந்தை எதிர்க்கோட்டிற்கப்பாற் பதித்தார். அவ்வெண்ணிக்கையை இதுகாறும் எவரும் எட்டியதில்லை. இத்தகைய தமையன் வாழ்ந்த ஊரில் தம்பிக்குத் தொடக்கத்தில் மதிப்பில்லை. 1919-இற் காற்பந்துக் கழகத்தைப் பெயர்த்து லீட்ஸ் நகருக்கே கொண்டுபோகத் தலைவர் முயன்றபோது, ஊரார் பணந்திரட்டித் தடுத்து நிறுத்தினர். அதன் பின்னர் வந்தது தம்பியின் காலம். ஹெர்பர்ட் சாப்மன் என்னும் பேர்பெற்ற மேலாளரின் கையில் வளர்ந்த அக்கழகம் 1924, 1925, 1926 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து நாட்டின் முதலிடத்தை வென்றது. அங்ஙனம் மும்முறை தொடர்ந்து வென்ற கழகம் இங்கிலாந்தில் அதற்குமுன் இல்லை. லீட்ஸ் சாலையிலிருந்த அவர்களது திடலில் 1932-இல் ஓர் ஆட்டத்தைக் காண 67,037 பேர் நெருக்கிக் கொண்டு நின்றனர்.

நின்றனர் என்பதை நேயர்கள் கருத்தில் வைத்தல் வேண்டும். அக்காலத் திடல்களிற் பெரும்பாலோர் நின்றே பார்த்தனர். நிற்பதற்குக் கட்டிய படிக்கட்டுகளும், அமர்வதற்கு அமைத்த மரக்கூடங்களும் எழுபது எண்பது ஆண்டுகள் பழுதுபார்ப்பாரின்றி இற்றுக் கிடந்தன. 1985-ஆம் ஆண்டு மே 11-ந் தேதி, ஹடர்ஸ்பீல்டுக்கு அண்மையிலுள்ள பிராட்போர்டில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் மரக்கூடம் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். பலகைகளின் கீழே பல்லாண்டுக் குப்பை சேர்ந்து கிடந்ததாம். அப்பருவத்தின் கடைசி ஆட்டம் அது. முடிந்ததும் கூடத்தைப் புதுப்பிக்க இருந்தார்களாம். நான்காண்டு கழித்து, 1989 ஏப்ரல் 15-ந் தேதி, ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலிற் கூட்ட நெரிசலில் அடைபட்டவருள் இறந்தோர் தொகை முடிவில் 97 ஆயிற்று. நீதிபதி டெய்லர் விசாரித்து 1990-இல் அளித்த அறிக்கையின் பயனாக, நாட்டின் மேல்நிலைக் காற்பந்துத் திடல்கள் யாவும் இருக்கைகளே உடையனவாக மாறவேண்டும் என்றாயிற்று. பழந்திடல்களைச் செப்பனிடுவதா, விற்றுவிட்டு வேறிடம் போவதா என்னும் வினா எல்லாக் கழகங்களின் முன்னும் நின்றது. இரு கழகங்கள் ஒரு வீடு கட்டியதன் மூலகாரணம் அன்புமன்று, சிக்கனமும் அன்று. இவ்விரு ஊர்களிலும் மாண்டவர்களே அதற்குக் காரணமாயினர்.

ஹடர்ஸ்பீல்டில் இருவர் நிலையும் அப்போது இரங்கத்தக்கது. ரக்பியார் கூட்டம் குன்றிப்போய், 1984-இல் தம் கழகத்திற்குப் பாரக்குடா என்னும் கொடுமீனின் பெயரைச் சூட்டியும், பார்ட்டவுன் திடலுக்குப் புதுப்பெயர் இட்டும் பார்த்தனர். கடலுக்கு வெகுதூரத்திலுள்ள நெசவூரில் மீன்பெயர் எடுபடவில்லை. நாலாண்டில் அதைக் கைவிட்டனர். 1992-இற் பார்ட்டவுனை விட்டு வெளியேறி, லீட்ஸ் சாலையிற் காற்பந்தாரின் வீட்டில் ஈராண்டு ஒண்டுக்குடியிருந்தனர். அத்திடலும் தன் நாட்களை எண்ணிக் கொண்டிருந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கோல்ன் ஆற்றங்கரையில், புதிய அரங்கு எழும்பிற்று. 1994 ஆகஸ்டில் இரு பக்கக் கூடங்கள் மட்டுமே முடிந்த நிலையில் ஆட்டம் தொடங்கினர். நான்காம் கூடம் முடிய 1998 ஆயிற்று. நான்கு கூடங்களின்மேலும் வளைந்து நிற்கும் வெண்ணிற இரும்பு வளைவுகளைத் தொலைவிலிருந்து பார்ப்பின், நான்கு வாழைப்பழங்களைக் கவிழ்த்து வைத்தாற் போலிருக்கும். அவ்வூராரே அவ்வாறு கூறுவர் ஆதலின் இவ்வுவமைக்கு நாம் பொறுப்பல்லோம். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தார் 1995-ஆம் ஆண்டின் சிறந்த கட்டடம் என அதற்குப் பரிசளித்தனர்.

பத்திரம் எழுதிய முறைதான் நம் கருத்திற்குரியது. அரங்கிற்கென ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. அதில் நகராட்சிக்கு நூற்றுக்கு 40 பங்கு, காற்பந்துக் கழகத்திற்கு 40, ரக்பிக் கழகத்திற்கு 20. இளைத்தவன் என்று ரக்பியாரை வாடகைக்குடியாக வைத்துவிடாமல், சிறிதாயினும் ஒரு பங்கை அவர்கள் பெயரில் எழுதினார்கள். ஊர்ப் பெரியவர் நடுவில் அமர்ந்து பாகம் பிரித்துக் கொடுப்பதைப் போல நகராட்சியார் இருவர்க்கும் இடையில் அமர்ந்தனர். அரங்கின் பெயரைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதலிற் கட்டிய ஒப்பந்தக்காரரின் பெயர், 2004 முதல் ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர், 2012 முதற் பியர் வடிப்போரின் பெயர் என அது மாறிக்கொண்டே வந்தது. நாம் வீட்டிற்குக் கடிதம் எழுதுங்கால், "மைதானம்" என்று மட்டுமே எழுதினோம். மதுவிலக்கில் உறுதியுடைய குடும்பத்திற் பிறந்தவர்க்கு வேறு வழியில்லை.

இனிக் குடித்தனத்தின் உட்புறத்தைக் காண்போம். இரு ஆட்டங்களுக்கும் அகலத்தில் தகராறில்லை; இரண்டிற்கும் 68 மீட்டர் போதும். நீளத்திலேதான் சங்கடம். காற்பந்திற்கு 105 மீட்டர். ரக்பிக்கோ கோட்டிற்குக் கோடு 100 மீட்டரும், அதற்கப்பால் இருபுறமும் பந்தைப் பதிப்பதற்கென ஆறு முதற் பதினொரு மீட்டர் வரையும் புல் வேண்டும். ஆதலின் அரங்கை முதலிலேயே நீட்டிக் கட்டவேண்டியதாயிற்று. அதனாற் காற்பந்து பார்ப்போர் கோலுக்குச் சற்றுத் தள்ளியே அமர்வர். கம்பங்களும் வேறு வேறு. காற்பந்தின் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ளது. ரக்பியின் கம்பங்கள் 5.5 மீட்டர் இடைவெளியில் வானளாவ நிற்பன. குறுக்குக் கம்பம் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை நாட்டுவதற்காகத் தரையினுள் குழிகளைப் பதித்து மூடியிட்டு வைத்திருப்பர். வெண்கோடுகளையும் அழித்து மறுபடி வரைய வேண்டும். எத்துணை தேய்த்தாலும் பழங்கோட்டின் சாயல் முற்றும் மறைவதில்லை. காற்பந்து நடக்குங்கால், பத்து மீட்டருக்கு ஒன்றாக ரக்பிக் கோடுகள் பேய் நிழல்போல் மங்கலாகத் தெரியும்.

புல்லின் பாடுதான் பெரும்பாடு. பண்டைக் காலத்தில் இரண்டும் மாரிக்கால ஆட்டங்கள். 1996 முதல் ரக்பி லீக்கார் தம் பருவத்தைக் கோடைக்கு மாற்றிக்கொண்டனர். இதனால் ஒரே வாரத்தில் இருவரும் மோதுவது குறைந்தது. ஆனாற் புல்லுக்கு இருந்த ஓய்வும் உடன் போயிற்று. காற்பந்து ஆகஸ்டு முதல் மே வரை; ரக்பி பிப்ரவரி முதற் செப்டம்பர் அக்டோபர் வரை. காற்பந்தார் ஓய்வெடுக்கும் ஜூன் ஜூலையிலேதான் மற்றைத் திடல்களில் விதை தூவிப் புல் வளர்ப்பர். இங்கோ அம்மாதங்களில் நூறு கிலோ எடையுள்ள ஆட்கள் ஒருவரையொருவர் தரையிற் சாய்த்துக் கொண்டிருப்பர். இதற்கு மருந்தாகக் கண்டது நெசவூருக்கு ஏற்றதோர் உபாயம். தையலியந்திரம் போன்ற பொறியொன்றால், செயற்கை இழைகளை இரண்டிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தரையினுள் தைத்துவிடுவர். புல்லின் வேர் அவ்விழையைப் பற்றிச் சுற்றிக்கொண்டு உறுதி பெறும். இம்முறையை இங்கிலாந்தில் முதன்முதல் மேற்கொண்ட அரங்குகளுள் ஹடர்ஸ்பீல்டு அரங்கும் ஒன்று. இருப்பினும், தோற்ற நாட்களிற் காற்பந்தன்பர்கள் "ரக்பியார் புல்லைக் கெடுத்துவிட்டனர்" என்று சொல்வதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். வென்ற நாளில் அவ்வாறு சொன்னவர் எவரும் இலர்.

நாம் இரு ஆட்டங்களுக்கும் சென்றோம். பெரும்பாலும் மேற்குக் கூடத்தில் ஒரே வரிசையில் இடம் கிடைக்கும். அங்கிருந்து பார்க்குங்கால் ஒரே வீடு இரு வேறு வீடுகளாகத் தோன்றும். காற்பந்துக் கழகம் 1972-க்குப் பின் முதன்முறையாக மேல்நிலைக்கு உயர்ந்த பருவம் அது. இருபத்து நாலாயிரம் இருக்கைகளும் நிறைந்து, நீலமும் வெள்ளையுமாக அலைவீசும். ரக்பிக்கு ஐந்தாறாயிரம் பேர் வருவர். செம்மையும் பொன்னும் கலந்த கழுத்துத் துணிகளோடு அவர்கள் ஒரு புறத்தில் திரண்டிருக்க, எதிர்க்கூடம் காலியான நாற்காலிகளாகவே காட்சியளிக்கும். ஒரு வீரன் ஐம்பது கஜம் ஓடிப் பந்தைப் பதித்தபின் எழும் ஆரவாரம், எதிர்ப்புறம் சென்று மோதி, கேட்பாரற்றுத் திரும்பிவரும். இத்தனைக்கும் ஆட்டத்திற் குறைவில்லை. 2013-ஆம் ஆண்டில் அக்கழகம் அட்டவணையின் முதலிடத்தில் நின்று கேடயம் வென்றிருந்தது. ஐயாயிரவர் ஒரு சிறு திடலிற் கூடினால் அது திருவிழா. இருபத்து நாலாயிரவர்க்கு அமைந்த அரங்கிற் கூடினால் அதுவே இழவு வீடு. புது அரங்கங்களைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை எழுதுவதில்லை.

வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் நடந்தது இதற்குச் சான்று. அந்நகரின் ரக்பிக் கழகத்தார் 2009-இல் தம் பழைய ஆர்ம்ஸ் பார்க்கை விட்டுக் காற்பந்தாரின் புதிய அரங்கிற் குடியேறினர். வசதிகளுக்குக் குறைவில்லை; கூட்டந்தான் சேரவில்லை; வந்தவர்க்கும் மனம் ஒட்டவில்லை. மூன்றே ஆண்டில், 2012-இல், பழைய வீட்டிற்கே திரும்பிவிட்டனர். திரும்பிச் செல்ல வீடு இருந்தது அவர்கள் பேறு.

ஹல் துறைமுக நகரின் கதை வேறு. அந்நகராட்சி 1904 முதல் தனக்கெனச் சொந்தத் தொலைபேசி நிலையம் நடத்திவந்தது. நாடெங்கும் தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பாயிருக்க, அங்கே மட்டும் பாலேட்டின் நிறம். 1999-இல் அதன் பங்குகளை விற்றபோது கிடைத்த பெருந்தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு நகராட்சி ஓர் அரங்கு கட்டி, 2002 டிசம்பரிற் காற்பந்து, ரக்பி என்னும் இரு கழகத்தாரையும் அதிற் குடியேற்றியது. ஊரார் பேசிய பேச்சுக்களெல்லாம் சேர்ந்து ஓர் அரங்கு ஆயின எனலாம். ஆனால் அரங்கை நடத்தும் கம்பெனி காற்பந்துக் கழக உரிமையாளரின் கைக்குட்பட்டிருந்தமையால், ரக்பியார் அவர்க்கு வாடகைக்குடியாகவே வாழ நேர்ந்தது. 2013-ஐ ஒட்டி அவ்வுரிமையாளர் அரங்கையே விலைக்குக் கேட்க, நகராட்சி மறுத்துவிட்டது. ஊரார் அனைவரின் பணத்தில் எழுந்த வீட்டை ஒருவர்க்கு விற்க மறுத்தது நன்றே என்பது எம் கருத்து.

ஹடர்ஸ்பீல்டிற் சிறு பங்காளி செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2003-ஆம் ஆண்டிற் காற்பந்துக் கழகம் கடனில் மூழ்கி, நிர்வாகத்தைக் கடன்கொடுத்தோர் சார்பான கணக்கர்களிடம் ஒப்புவித்துவிட்டு நின்றது. நூற்றாண்டை எட்டுமுன்னரே அது மறைந்துவிடும் என்றனர். அப்போது அதனை வாங்கிக் காத்தவர் கென் டேவி என்பார். அவரே ரக்பிக் கழகத்தின் தலைவர். இருபது பங்குக்காரன் நாற்பது பங்குக்காரனைத் தூக்கி நிறுத்தினான். சில ஆண்டுகள் இரு கழகங்களும் அவர் கையிலேயே இருந்தன. பின்னர்க் காற்பந்துக் கழகத்தை வேறொருவர்க்கு அவர் கொடுத்தபோது, அரங்கின் பங்குகள் கழகத்தோடு உடன்செல்லாமற் சில காலம் பின்தங்கின. காற்பந்தன்பர்க்கு அதனால் மனக்கசப்பு உண்டாயிற்று. முன்செய்த நன்றியை அவர்கள் அந்நாட்களில் எடுத்துப் பேசியதாக நாம் கேள்விப்படவில்லை. லங்காஷயரின் விகன் நகரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே 1999 முதல் இரு கழகங்களும் ஓர் அரங்கில் வாழ்ந்தன. ரக்பியாரின் பழைய சென்ட்ரல் பார்க் விலையாகி மளிகைப் பேரங்காடி ஆயிற்று. 2013-இல் நாட்டின் பழம்பெருங் கோப்பையையே வென்ற அந்நகரக் காற்பந்துக் கழகம், பத்தாண்டு கழித்து 2023-இற் பணமின்றித் தவித்தபோது, வாங்கிக் காத்தவர் ரக்பிக் கழகத்தின் உரிமையாளரே. பெருங்காசு புரளும் காற்பந்திலேதான் பெருங்கடனும் விளைகிறது. சிறுவரவினர் செலவையும் சிறிதாக வைத்துக்கொள்கின்றனர். தனித்தனி வீட்டில் இருந்திருப்பின் இவ்வுதவிகள் நடந்திருக்குமோ என்பது ஐயமே. ஒரே கூரை ஒழுகினால் இருவரும் நனைவர் அல்லவா?

நாம் தங்கியிருந்த வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர், ஆலைத் தொழிலாளியின் மைந்தர், பார்ட்டவுன் ரக்பியார். தம் தந்தையின் தோளிலேறி அத்திடலிற் கண்ட ஆட்டங்களை நேற்று நடந்தனபோற் சொல்வார். புதிய அரங்கு திறந்து இருபதாண்டு கடந்தும் அவர் அதனுள் அடிவைத்ததில்லை. கட்டடத்தின்மேற் கோபமில்லை என்பார். வளைவுகள் அழகு என்பார். தம் கழகத்திற்கு அங்கே ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்பதையும் வருவோர்க்கெல்லாம் பெருமையாகச் சொல்வார். ஆயினும் போகார். லீட்ஸ் சாலைத் திடல் கடைத்தெருவாகி, நடுப்புள்ளி இருந்த இடத்தை ஒரு தகடு மட்டும் வண்டி நிறுத்துமிடத்திற் காட்டிக் கொண்டிருப்பதை எமக்கு அழைத்துச் சென்று காட்டியவரும் அவரே. காற்பந்தாரின் இழப்பிற்கும் அவர் வருந்தினார் என்பது அன்று எமக்குப் புலனாயிற்று.

2017 மே 29-ந் தேதி வெம்பிளியிற் காற்பந்துக் கழகம் வென்று மேல்நிலைக்கு ஏறிய அன்று மாலை, நகர வீதியெங்கும் நீலமும் வெள்ளையும் பொங்கின. முதியவர் தம் செம்பொன் கழுத்துத் துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு எம்மோடு புறப்பட்டார். பங்காளி வீட்டுக் கல்யாணத்திற்குத் தன் வேட்டியைத் தானே உடுத்திக்கொண்டு போகும் நம்மூர்ப் பெரியவரைக் கண்டாற் போலிருந்தது. நீலக்கூட்டத்தினர் அவரைக் கேலி செய்தனர், கட்டியும் தழுவினர். அம்மகிழ்ச்சியிற் சூடு ஆறுமுன்னரே, அடுத்து வரும் ரக்பி ஆட்டத்திற்கு நாம் இரண்டு சீட்டுக்கள் வாங்கி அவரை அழைத்தோம். அவர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அன்று பிற்பகல் பழைய பார்ட்டவுன் திடலில் உள்ளூர்ப் பையன்கள் ஆடுகிறார்களாம். சீட்டு வேண்டுவதில்லையாம், அங்கே நின்றுகொண்டே பார்க்கலாமாம்.